ஞாயிற்றுக்கிழமை உடைக்க வேண்டிய முட்டை

டீச்சர்,

வியாழக்கிழமை சாயங்காலம் மகளின் பள்ளிப் பையைத் திறந்ததும் மைதாப் பசையின் வாடை அடித்தது. வெந்த மாவும் லேசான புளிப்புமாக வரும் அந்த வாடையை நான் முகர்ந்து ஒன்பது வருஷம் இருக்கும். முகர நேரக்கூடாது என்றே வீட்டில் கடைப் பசை டப்பாதான் வாங்கி வைக்கிறேன். டிபன் பாக்ஸுக்கும் கணக்கு நோட்டுக்கும் நடுவில், கைக்குட்டையில் சுற்றி ஒரு முட்டை இருந்தது. நீலமும் ரோஸுமாகக் காகிதம் ஒட்டிய முட்டை. அதன் மேல் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் என் மகளின் பெயர்.

நாற்பது வயதில், சொந்த வீட்டுக் கூடத்தில், ஒரு காலி முட்டை ஓட்டைப் பார்த்து உட்கார நாற்காலி தேடினேன். "ஈஸ்டர் லீவுக்கு கிராஃப்ட்டும்மா, மிஸ் சொல்லிக் குடுத்தாங்க. பிடிச்சிப் பாரேன், வெயிட்டே இல்ல" என்று குழந்தை அதை என் உள்ளங்கையில் வைக்க வந்தாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அழகாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. என் மாமியாரை நினைத்து, "ஆயா கண்ணுல படாம எங்கயாச்சும் வை" என்றுதான் வந்தது. அவள் முகம் சுருங்கிப்போய் முட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உங்களுக்கு என்னைத் தெரியும். காஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிறவள் நான். மலை பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் டிக்கெட் கேட்டால்கூட விடமாட்டேன். நீங்கள்தான் என் பர்ஸைத் திறந்து சில்லறை எடுத்துக் கொடுப்பீர்கள். "பயத்துக்கும் சேத்து டிபன் கட்டிக்கினு வர்ற ஒரே ஆளு நீங்கதான் டீச்சர்" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான்கு வருஷம் மலையேறினேன்.

நமக்கு வாய்த்தது வெள்ளிமலையைத் தாண்டி, மண் ரோட்டில் இறங்கி நடக்கும் தூரத்தில் இருந்த ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இருபத்திரண்டு பிள்ளைகள். நீங்கள் தலைமையாசிரியர், நான் மீதி எல்லாம். திங்கட்கிழமை விடியலில் திருக்கோவிலூரிலிருந்து வந்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எனக்காக நிற்பீர்கள். வாரக் கடைசி வரை பள்ளிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் இருவரும் பொங்கித் தின்போம். என்னைவிட ஆறு வயது மூத்தவர் நீங்கள். இருந்தும் நான் உங்களை அக்கா என்றதில்லை. நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாத்திரம் கழுவும்போதும் தலை வாரிக்கொள்ளும்போதும்கூட இரண்டு பேருமே "டீச்சர்"தான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வந்துவிட்டால் உங்களைக் கையில் பிடிக்க முடியாது. பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டுக்கோழி முட்டை கொண்டுவர வேண்டும். குண்டானில் தண்ணீர் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பீர்கள். மிதந்தால் கூமுட்டை, அது வேண்டாம். ஒரு தடவை ஒரு பெண் அடைக்கோழியின் அடியிலிருந்தே உருவி வந்துவிட்டாள். நீங்கள் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, உள்ள ஆளு இருக்குதுடி! ஓடிப்போயி வெச்சிட்டு வா" என்று விரட்டினீர்கள். அவள் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வரப்பில் ஓடினாள். நல்ல முட்டைகளை மேலும் கீழும் கோணி ஊசியால் குத்தி, கன்னம் உப்ப ஊதி, உள்ளே இருப்பதைப் பாத்திரத்தில் இறக்குவீர்கள். சத்துணவுக்கூடத்து அம்மா அதை ஆம்லெட்டாகப் போட்டுத் தருவார். ஓடுகளை உப்புத் தண்ணீரில் அலசி, சோடா மூடிகளின் மேல் நிறுத்திக் காயவைப்பீர்கள்.

பிறகு காகிதம். காத்தாடிப் பேப்பர், கல்யாணப் பத்திரிகையின் மெல்லிய உள்தாள், நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு எண்கள், எல்லாம் உங்கள் டிரங்குப் பெட்டியில் வருஷம் முழுக்கச் சேர்ந்திருக்கும். கத்தரிக்கோலைத் தொடவிடமாட்டீர்கள். "கையால கிழிங்க. கத்தரிச்ச ஓரம் எழும்பிக்கும், கிழிச்ச ஓரந்தான் படியும்" என்று ஒவ்வொரு விரலையும் பிடித்துக் காட்டுவீர்கள்.

ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று உண்டு. நீங்கள் சிறுமியாய் இருந்த போர்டிங்கில் பழகியது என்பீர்கள். மேல் துளையைப் பட்டாணி அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பீர்கள். எதைக் கண்டால் ரொம்பப் பயமோ அதை எழுதி, தீக்குச்சி கனத்துக்குச் சுருட்டி, முட்டைக்குள் போட வேண்டும். மேலே காகிதம் ஒட்டி மூடிவிட்டு அவரவர் பெயரை எழுத வேண்டும். வியாழக்கிழமை போட்டதை ஞாயிற்றுக்கிழமை காலையில் உடைத்து, சீட்டைப் பிரிக்காமலே கிழித்து எறிந்துவிட வேண்டும். யாரும் படிக்கக் கூடாது, எழுதியவர்கூட. "கல்லறையே காலியா இருந்துச்சாம், இந்தச் சீட்டு எம்மாத்திரம்?" என்பீர்கள். அதற்கு மேல் உங்கள் சாமியைப் பற்றி நீங்கள் அந்தப் பிள்ளைகளிடம் பேசி நான் கேட்டதில்லை.

யாரும் படிக்கக் கூடாதே தவிர, எழுதும்போது பாதிப் பயம் வகுப்பிலேயே வெளியே வந்துவிடும். கரடிக்கு எந்த ர போடுவது என்று ஒருத்தி கேட்பாள். மழைக்காலத்து ஓடை என்பான் ஒருவன். மிளகு பறிக்கக் கேரளா போன அம்மா வராமல் போய்விட்டால் என்று எழுத இடம் போதாமல் இன்னொரு சீட்டு வாங்குவாள் ஒருத்தி. "கணக்கு டீச்சர்னு எழுதலாமா டீச்சர்?" என்று ஒருவன் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டான். நீங்கள் சிரித்து முடிக்க ஒரு பீரியட் ஆனது.

நான் மட்டும் அந்த முட்டைகளைத் தொட்டதே இல்லை. காரணத்தை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்கள் ஊரில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு காலையில் வாசற்படியில் ஒரு முட்டை கிடந்தது. குங்குமம் தடவி, கரியால் அப்பாவின் பெயர் எழுதியிருந்தது. கோலம் போட வந்த அம்மா வாளியைத் தவறவிட்டாள். அந்த வாரமே பால் மாடு செத்தது. வைத்தது சித்திதான் என்று யாரோ சொன்னார்கள். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்த இரண்டு குடும்பமும் அன்றோடு பேச்சை நிறுத்தின. சித்தி செத்தபோதும் அம்மா போகவில்லை. பெயர் எழுதிய முட்டையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் அந்த வாளி விழுந்த சத்தம்தான் கேட்கும். நீங்கள் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "பாவம் உங்க சித்தி" என்று மட்டும் சொன்னீர்கள்.

கடைசி வருஷம் ஆம்லெட் வாடைக்கு நான் பள்ளிக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். பின்னாலேயே வந்து நெற்றியைத் தாங்கிப் பிடித்தீர்கள். வாய் கொப்பளித்து நிமிர்வதற்குள் கேட்டுவிட்டீர்கள்: "எத்தினி மாசம் டீச்சர்?"

நாலு. ஆனால் நான் சொல்லக் கூடாது. அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இந்தத் தடவை அத்தை, என் மாமியார், குலதெய்வத்துக்கு மஞ்சள் துணி முடிந்துவிட்டு என் கன்னத்தைப் பிடித்துச் சொல்லியிருந்தார்: "அஞ்சு மாசம் முடியாம வாயத் தொறக்காத. உன்னப் பெத்தவகிட்டகூட சொல்லாத. கண்ணு படும்." நானும் சொல்லவில்லை, உங்களிடம் அந்த நிமிஷம் வரை. நெற்றியில் உங்கள் கை இருந்தது. அழுகை வந்துவிட்டது. "ரெண்டு போயிடுச்சு டீச்சர். மூணாவதும் போயிடும்" என்றேன். வேறு எந்த உயிரிடமும் சொல்லாத வார்த்தை அது.

வியாழக்கிழமை பிள்ளைகள் எழுதி முடித்ததும் மீதியிருந்த ஒரு சீட்டை என்னிடம் நீட்டினீர்கள். நான் மாட்டேன் என்றேன். "எழுதினா நடந்துடும் டீச்சர்." "நீங்க எழுதினாதான நடந்துடும்? நான் எழுதறேன். உங்க கையி படாது" என்றீர்கள். விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையைத் தூக்கினேன். பின்னறையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று போன நீங்கள் தாமதமாகத்தான் வந்தீர்கள். கீழே வந்து சேரும் வரைக்கும் நீங்கள் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் பேசினீர்கள். வண்டியின் ஆட்டத்தில் என் பை விழுந்துவிடாமல் உங்கள் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அத்தைதான் அந்தப் பையிலிருந்து அழுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். சேலை மடிப்புக்குள்ளிருந்து அது உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. சிவப்புக் காகிதம் ஒட்டிய முட்டை. மேலே என் பெயர். அசைத்தபோது உள்ளே ஏதோ உரசியது.

டீச்சர், அது என்னவென்று பார்த்த அந்த நொடியே எனக்குத் தெரியும். உங்கள் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? எதற்கு வைத்தீர்கள், உள்ளே என்ன இருக்கும், எல்லாம் தெரியும். ஆனால் அத்தை போட்ட கூச்சலில், நான் ரிஷிவந்தியம் பக்கத்து வாசற்படியில் பத்து வயதுப் பெண்ணாக நின்றுவிட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் கொஞ்சம் தெளிந்தபோது வேறொரு பயம் வந்தது. உண்மையைச் சொன்னால் நாலாம் மாசத்திலேயே வெளியாளிடம் வாயைத் திறந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அத்தை சொன்னதை மீறியதுதான் காரணம் என்று ஆகும். "எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தை" என்றேன். அந்த நான்கு வார்த்தைதான் டீச்சர். மற்றதெல்லாம் தானாக நடந்தது.

சனிக்கிழமை எனக்கு லேசாக ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பும் வரை நான் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை. துடிப்பு இருந்தது. நன்றாகவே இருந்தது. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு, "மொட்ட வச்ச மறுநாளே வேலயக் காட்டிடுச்சி பாத்தியா" என்றார். முட்டை என்று சொல்லக்கூட வாய் ஒழுங்காக வரவில்லை அவருக்கு. நானும் அப்போது அப்படித்தான் நம்பினேன். மதியம் நம்பினேன், சாயங்காலம் நம்பவில்லை, மறுபடி நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை ஒருவரை வீட்டுக்கே அழைத்து வந்தார். திருநீறு மந்திரித்துக் கொடுப்பவர். முறத்தில் வேப்பிலை பரப்பி, அதன் மேல் முட்டையை வைத்து உடைத்தார். சீட்டை எடுத்துப் பிரித்தார். எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "மூணாவதும் போயிடும்."

என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். படுக்கையில் கிடந்த நான் என் வார்த்தையை இன்னொரு ஆளின் குரலில் கேட்டேன். மந்திரிக்க வந்தவர் சீட்டைக் கற்பூரத்தில் கொளுத்தினார். "கூட உக்காந்து சாப்பிட்ட பொம்பள செஞ்ச வேலை" என்றார். உங்களுக்குக் குழந்தை இல்லை என்பது அத்தைக்கு உடனே ஞாபகம் வந்தது. அதை அவர் சொன்ன விதத்தை இங்கே எழுத மாட்டேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், நீங்கள் சொன்ன நாளில்தான் அது உடைந்தது. படித்ததுதான் முறை தவறியது.

மதியம் நீங்கள் போன் செய்தீர்கள். பின்னால் கோயில் மணியும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன. "ஈஸ்டர் வாழ்த்துகள் டீச்சர். ஒடச்சீங்களா?" என்றீர்கள், அவ்வளவு சந்தோஷமாக. அத்தை என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் போனைக் கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. உங்கள் எண்ணை பிளாக் பண்ணினேன்.

திங்கட்கிழமை என் கணவரும் அத்தையும் மலைக்கு வந்தார்கள். நான் தடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் வைத்து உங்களைப் பேசினார்கள். நீங்கள் ஒரு வார்த்தையில் அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம்: "அது உங்க மருமவ சொன்னதுங்க." சொல்லவில்லை. நான் உங்களிடம் வாயைத் திறந்தது என் வீட்டுக்குத் தெரியாது என்பது உங்களுக்குப் புரிந்திருக்கிறது. பல மாதம் கழித்து, குழந்தைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "அந்தம்மா ஒண்ணுமே பேசல. டீச்சர் நல்லா இருக்காங்களான்னு மட்டும் கேட்டாங்க. இன்னா மாதிரி பொம்பளயோ." நான் தொட்டில் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் மருத்துவ விடுப்பு, பேறுகால விடுப்பு, அப்புறம் கீழேயே மாறுதல். நீங்களும் அந்தப் பள்ளியில் நிலைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகளை உங்களிடம் அனுப்பச் சிலர் யோசித்தார்களாம். ஊருக்கு ஊர் அந்தப் பேச்சு உங்கள் முன்னால் போய் நின்றதோ என்னவோ. எனக்குக் கேட்கப் பயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் படம் மாலையோடு வந்தது. புற்றுநோயாம். அடக்கம் திருக்கோவிலூரில். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். நீங்கள் எனக்காக நிற்கிற தூணுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, வீட்டுக்குத் திரும்பி வந்து அரிசி களைந்தேன்.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம், முந்தாநாள் சனிக்கிழமை நடந்தது.

ஆயா கண்ணில் படாமல் வை என்று சொல்லியிருந்தேன் அல்லவா? முட்டை உடையாமல் மெத்தென்று இருக்க வேண்டும் என்று யோசித்து, குழந்தை அதை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். சனிக்கிழமை காலையில் உலைக்கு அரிசி அளக்க அத்தை கையை விட்டார். கை முட்டையோடு வெளியே வந்தது. பேத்தியின் பெயர் மேலே.

அந்தக் கூச்சல் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அதே கூச்சல். "எவ குடுத்தா இத? பேரப் போட்டுக் குடுத்திருக்காளே பாவி! யாருடி உன் மிஸ்ஸு? வூடு எங்க?" குழந்தை விசும்பிக்கொண்டே இரண்டு தெரு தள்ளிக் கையைக் காட்டினாள். அந்த மிஸ்ஸுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். என் கணவர் ஆணியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். சாவி சத்தம் கேட்டதும் எனக்கு உங்கள் பள்ளி வாசல் ஞாபகம் வந்தது. அந்தத் திங்கட்கிழமை நான் அங்கே வராதவள். ஆனாலும் பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் நிற்பதைப் பார்த்தேன்.

நாக்கு மறுபடி ஒட்டிக்கொண்டது டீச்சர். கதவில் போய்ச் சாய்ந்துகொண்டேன், அவர் வெளியே போக முடியாதபடி.

"அத்தை, அந்த மலை முட்டையில இருந்தது என் வார்த்தை. நான் சொன்னதத்தான் அவங்க எழுதினாங்க. நாலாம் மாசமே நான்தான் அவங்ககிட்ட சொன்னேன். அவங்க எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல."

அத்தை என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்றும் நினைத்தேன். அவர் அரிசி டிரம்மின் மூடியை மெல்ல மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தெரியும்" என்றார்.

குழந்தை விசும்பலை நிறுத்தினாள்.

"நீ தூக்கத்துல அதத்தான பினாத்திக்கினு இருந்த. மூணாவதும் போயிடும், மூணாவதும் போயிடும்னு. உன் பக்கத்துல படுத்துக்கினு இருந்தவ நானு. எனக்குத் தெரியாதா? அந்தாளு சீட்டப் படிச்சதும் திக்குனு ஆயிடுச்சி. இது இவ பேச்சாச்சேன்னு."

"தெரிஞ்சேவா மலைக்குப் போனீங்க?"

"பயம்மா" என்றார். எழுபது வயதுக்காரர் என் மகளின் குரலில் சொன்னார். "யாரு தலையிலயாச்சும் தூக்கிப் போட்டாதான் அது நம்ம வூட்ட வுட்டுப் போவும்னு நெனச்சேன். புள்ள தங்கணுமே. அந்தம்மா எதுத்துப் பேசியிருந்தா நான் திரும்பி வந்திருப்பேன். அது நின்னுக்கினே இருந்துச்சி."

என் கணவர் சாவியை ஆணியில் மாட்டினார். தப்பிப்போய்க் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி மாட்டினார். எங்கள் மூன்று பேரில் உண்மை தெரியாமல் உங்களைத் திட்டியவர் அவர் ஒருவர்தான். இனி அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாரோ எனக்குத் தெரியவில்லை.

"இப்ப எந்த ஊர்ல வேல பாக்குது அது? ஒரு தடவ போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடலாமா?" என்று அத்தை கேட்டார்.

"செத்துட்டாங்க அத்தை. ரெண்டு வருஷமாச்சு."

அவர் கையில் இன்னும் என் மகளின் முட்டை இருந்தது. உலையில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் பேத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு, முட்டையை அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். "இத வெச்சி இன்னா பண்ணுவாங்க அவங்க?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். சீட்டு, பயம், ஞாயிற்றுக்கிழமை, யாரும் படிக்கக் கூடாது. எல்லாம் சொன்னேன்.

மத்தியானம் குண்டானில் தண்ணீர் வைத்து முட்டைகளைப் போட்டேன். ஊதினேன். உங்களைப் போல் எனக்குக் கன்னம் உப்பவில்லை, காது அடைத்ததுதான் மிச்சம். ஒட்டியதைப் பிரித்தால் கெட்டுப்போகும் என்று குழந்தை தனக்கும் புதிதாக ஒன்று கேட்டாள். எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டாள். அத்தைக்கு எழுத வராது. என் காதில் சொன்னார், எழுதச் சொல்லி.

அப்போதுதான் டீச்சர், எனக்குப் புரிந்தது. இன்னொருவரின் பயத்தை நம் கையால் எழுதுவது லேசான வேலையில்லை. அத்தை சொன்னது நான்கே வார்த்தை. பேனா ஓடவில்லை. எழுதினால் நடந்துவிடும், என் கையால் நடந்துவிடும் என்றே தோன்றியது. ஒவ்வொரு எழுத்தையும் தள்ளித் தள்ளி எழுதினேன். உங்கள் கையெழுத்து ஒன்றும் நடுங்கியிருக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்தேன். அந்தச் சீட்டை நான் பார்க்கவேயில்லை, வாசிக்கத்தான் கேட்டேன். ஒரு குழந்தைக்காகக் காத்திருந்து ஓய்ந்துபோனவர் நீங்கள். இன்னொருத்தியின் குழந்தை போய்விடும் என்று உங்கள் கையால் எழுத நேர்ந்தபோது, அந்தப் பின்னறையில் தனியாக உட்கார்ந்து எவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தீர்களோ. "உங்க கையி படாது" என்று சொன்னீர்கள். உங்கள் கை பட்டதை நான் யோசித்ததே இல்லை.

நேற்று காலை நான்கு பேரும் பின்பக்கம் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தோம். என் கணவரும் ஒன்று செய்திருந்தார். குழந்தையின் சீட்டு என் காலடியில் வந்து விழுந்தது. என்ன எழுதியிருப்பாள்? என்னைத்தான் எழுதியிருப்பாளோ? ஓரம் கொஞ்சம் விரிந்திருந்தது. ஒரு எழுத்து தெரிந்தது. பார்க்காமல் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் பொடிப்பொடியாகக் கிழித்தாள். அத்தை தன்னுடையதைக் கிழிக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டினார். கிழித்துக் கொடுத்தேன். கையால்தான்.

என் சீட்டு மட்டும் காலியாக இருந்தது. ஒன்றையும் எழுதாமல் சுருட்டிப் போட்டிருந்தேன். எழுத இருந்ததை இரண்டு நாளாக இந்தக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைக் கிழிக்கப் போவதில்லை. வருகிற வாரம் திருக்கோவிலூர் வருகிறோம், அத்தையும் கூட. உங்கள் வீட்டுக்காரர் கதவைத் திறப்பாரா, திறந்தால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. இருந்தாலும் வருகிறோம்.

பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு நீங்கள் ஒன்று கேட்டீர்கள். ஒன்பது வருஷமாக அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நல்லா இருக்கோம் டீச்சர். அவளும் நானும் நல்லா இருக்கோம். பயம்தான் இன்னும் போகவில்லை.